எறும்பும் தன் கையால் எண் சாண்

அன்புள்ள அக்கா,

இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு 41 வயது. ஏழு மாதமாகக் கிட்டார் கற்கிறேன். சி, டி, ஜி, ஈ மைனர் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடிகள்) எல்லாம் வந்துவிட்டன. எஃப் கார்டில் வந்து நிற்கிறேன், இரண்டு மாதமாக அதே இடம். போன வாரம் வகுப்பில் சார் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "விரல் ரொம்பக் குட்டை, இது உங்களுக்குச் சரிவராது, கீபோர்டுக்கு மாறிடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். என் சாண் 17.5 செ.மீ. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு 21. விட்டுவிட வேண்டியதுதானா?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

விட வேண்டாம். என் சாண் உங்களுடையதைவிட அரை சென்டிமீட்டர் குறைவு. பதினோரு வருடமாக வாசிக்கிறேன். உங்களுக்குச் சொன்னதையே முன்பு எனக்கும் ஒருவர் சொன்னார். நம்பி, கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். நாலு வருடம் போனது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அதனால்தான் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கையை அளந்தீர்கள், சரி. கிட்டாரை அளந்தீர்களா? நெக் என்ற நீண்ட கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் ஏறி உட்காரும் நட்டிலிருந்து, கீழே கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜில் உள்ள வெள்ளைப் பட்டை வரை டேப் வைத்துப் பாருங்கள். நைலான் கம்பி என்றால் 650 மி.மீ. இருக்கும். ஸ்டீல் கம்பி என்றாலும் பெரும்பாலும் அதையொட்டித்தான். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் செய்த கிட்டார்களின் அளவு இது. பின்னால் வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு முன் 630 மி.மீ. கிட்டார்கள் ஐரோப்பாவில் சர்வசாதாரணம். 1960களில் மாட்ரிட்டின் ராமிரெஸ் பட்டறை 664 வரைகூட நீட்டியது. பெரிய கைக்காரரான ஸ்பானியக் கிட்டார் கலைஞர் செகோவியாவுக்கு அது பொருந்தியது. உங்களுக்கும் எனக்கும் அதைப் பொருத்தச் சொல்வது என்ன நியாயம்? பிள்ளைக்கு வயலின் வாங்கும்போது அரை, முக்கால் என்று கையைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்! யாரும் பிள்ளையின் விரலைக் குறை சொல்வதில்லை.

புதுக் கிட்டார் இப்போதே வாங்க வேண்டாம். எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போ ஒன்றை வாங்கி, இரண்டாம் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளும் அவற்றின் இடைக்கட்டங்களும்தான் ஃப்ரெட்) மாட்டுங்கள். மிச்சக் கம்பியின் நீளம் 579 மி.மீ. முக்கால் சைஸ் என்று கடையில் விற்கும் கிட்டாரும் ஏறக்குறைய 580தான். சுருதி கொஞ்சம் ஏறும், தனியாக வாசிக்கும்போது அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. என் கிட்டார் பரணிலிருந்து இறங்கியது இந்த ஒரு பொருளால்தான்.

இனி எஃப். கிட்டாரிலேயே ஃப்ரெட்டுகள் மிக அகலமாக இருக்கும் இடத்தில், நட்டை ஒட்டி, கம்பி மிக விறைப்பாக இருக்கும் இடத்தில் விழும் கார்டு அது. நட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை 134 மி.மீ., நான்கிலிருந்து எட்டு வரை 106 மி.மீ.தான். அதே விரல் அமைப்பை முதலில் ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடியுங்கள், அது ஏ மேஜர். அங்கே சுத்தமாக ஒலித்த பிறகு வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாக நட்டை நோக்கி வாருங்கள். எஃப்பில் தொடங்கச் சொல்வதே எனக்கு ஒப்பாத காரியம். இன்னொன்று: கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் அதே அமைப்பைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று லேசாகிவிட்டால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். கிட்டார் பழுது பார்ப்பவர் அரம் போட்டுச் சரிசெய்துவிடுவார். உங்கள் இரண்டு மாதக் கஷ்டத்தில் பாதி இதில் இருக்கலாம்.

ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும் என்றுதானே சொல்லியிருப்பார்கள்? எஃப்பில் ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலின் வேலை ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகள் மட்டும்தான். விரலை லேசாகக் கட்டைவிரல் பக்கம் உருட்டி, சதை குறைந்த எலும்பு விளிம்பை வைத்து அழுத்துங்கள். விரல் மடிப்புக்கோட்டுக்குள் கம்பி விழுந்தால் ஊமையாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தினால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கட்டைவிரல். சமையலறைக்குப் போய் பூரிக்கட்டையை எடுங்கள். இடது கையால் முஷ்டியாகப் பிடித்து, நாலு விரலையும் விரிக்கப் பாருங்கள். அசையாது. இப்போது உள்ளங்கையை விலக்கி, கட்டைவிரலின் சதைப்பகுதி மட்டும் பின்னால், நடுவிரலுக்கு எதிரே படும்படி வைத்து விரியுங்கள். எவ்வளவு தூரம் போகிறது பார்த்தீர்களா? கிட்டாரின் நெக்கிலும் இதே கதைதான். கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கும்போது உள்ளங்கை நெக்கோடு ஒட்டிக்கொள்கிறது, விரல்கள் குட்டையாகிவிடுகின்றன. கிட்டாரை இடது தொடையில் வைத்து, நெக்கைச் சற்று உயர்த்தினால் கட்டைவிரல் தானாகவே பின்னுக்குப் போகும். நீட்டும்போதும் சுண்டுவிரலை முதலில் வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைப் பின்னுக்கு இழுங்கள். அந்த விரலுக்குப் பக்கவாட்டில் தாராளம் உண்டு. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விரலை இன்னொரு கையால் பிடித்து இழுத்துப் பழக்கவே கூடாது.

நம் பாட்டிகள் சொல்வார்களே, எறும்பும் தன் கையால் எண் சாண் என்று. உங்கள் சாணுக்கு ஏற்ற கிட்டாரும் உண்டு. பிற்பாடு வாங்கும்போது 610 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த அளவு கேளுங்கள். கடையில் உட்கார்ந்து எஃப் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த நட் சோதனையை இன்று இரவே செய்துவிட்டு எழுதுங்கள். முதல் கம்பி ஒலித்ததா, இரண்டாம் கம்பி ஒலித்ததா என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா