கத்தினால் கதை புரியுமா?

போஸ்ட்-ஹார்ட்கோர் (கத்திப் பாடுகிற ஒரு ராக் வகை) குழுக்களின் கான்செப்ட் ஆல்பம்கள், அதாவது எல்லாப் பாட்டும் ஒரே கதையையோ கருத்தையோ சுற்றி வரும் ஆல்பம்கள், பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

கேள்வி: பாடகர் என்ன கத்துகிறார் என்பதே பாதி நேரம் பிடிபடுவதில்லை. இதில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதை என்கிறார்கள். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அப்படிக் கேட்டால்தான் விளங்கும் என்றால் அந்த ஆல்பம் தோற்றுவிட்டது என்றே சொல்வேன். இதற்காக என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நான் சொல்வது புரியும். 1980களின் நடுவில், வாஷிங்டன் டி.சி.யில் ஹார்ட்கோர் என்ற மூர்க்கமான பங்க் ராக் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கே அதன் சட்டதிட்டம் அலுத்துப்போயிற்று. வேகமாக வாசி, சட்டென்று முடி, கோபத்தைத் தவிர வேறு எதையும் காட்டாதே. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு 1985இல் போட்ட ஆல்பத்தில் அந்தக் கோபம் இருந்த இடத்தில் இழப்பும் ஏக்கமும் வந்து உட்கார்ந்தன, அதன் பாடகரும் டிரம்மரும் பிற்பாடு ஃபுகாசி என்ற குழுவில் சேர்ந்தார்கள், ஃபுகாசி பாட்டுக்கு நடுவே அமைதியை விட்டுப் பார்த்தது. கத்தல், சட்டென்று ஒரு நிசப்தம், மறுபடி கத்தல் என்று ஏற்ற இறக்கம் வந்த பிறகுதான் இந்த இசையில் கதைக்கே இடம் கிடைத்தது. முழுக்க ஒரே சத்தமாக இருந்தால் அதில் 'முன்னால்' 'பின்னால்' என்று எதைச் சொல்வது?

இதற்கும் ஒரு வருடம் முன்பே, 1984இல், மின்னசோட்டாவைச் சேர்ந்த ஹஸ்கர் டூ என்ற மூன்று பேர் குழு 'ஜென் ஆர்கேட்' என்று 23 பாட்டில் ஓர் இரட்டை ஆல்பம் போட்டது. வீட்டை விட்டு ஓடுகிற பையன், வெளியுலகம் வீட்டை விட மோசமாக இருக்கிறது, அவ்வளவுதான் கதை. அதன் வரிகளை வைத்துக் கதையைக் கோத்துப் பார்த்தால் ஏகப்பட்ட ஓட்டை தெரியும். ஆனால் காதுக்கு ஓட்டை தெரியாது. கூச்சலுக்கு அடுத்து வெறும் அகௌஸ்டிக் கிதாரோடு ஒரு பாட்டு, அப்புறம் தலைகீழாக ஓட்டிய டேப், நடுவில் தனியாக ஒரு பியானோத் துண்டு, கடைசியில் கிட்டத்தட்ட 14 நிமிடத்துக்கு வார்த்தையே இல்லாத வாசிப்பு. பையன் எங்கே இருக்கிறான், எவ்வளவு குழம்பிப்போயிருக்கிறான் என்பதை ஓசை மாறுவதை வைத்தே பிடித்துவிடலாம். என் அளவுகோல் இதுதான். வரிகளைப் பார்க்காமல் கேட்டாலும் ஏதோ ஒன்று இடம் பெயர்ந்தது தெரிய வேண்டும்.

கேள்வி: த்ரைஸின் 'தி ஆல்கெமி இண்டெக்ஸ்' முழுவதும் கேட்டுவிட்டேன். பாத்திரமும் இல்லை, சம்பவமும் இல்லை. தீ, நீர், காற்று, மண் என்று நாலு பெயர் வைத்தால் கான்செப்ட் ஆல்பமா?

பதில்: பெயர் மட்டும் வைத்திருந்தால் இல்லைதான். அவர்கள் அதோடு நிற்கவில்லை.

கலிபோர்னியாவின் இர்வைன் நகரத்து நால்வர் குழு இது. முதல் இரண்டு பகுதி அக்டோபர் 2007இல் வந்தது, அடுத்த இரண்டு ஏப்ரல் 2008இல். ஒவ்வொன்றிலும் 6 பாட்டு, மொத்தம் 24. ஒலிப்பதிவை வெளி ஆள் யாரிடமும் கொடுக்காமல் கிதார் வாசிக்கும் டெப்பெய் டெரனிஷியே பார்த்துக்கொண்டார். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு பூதத்துக்கும் தனி ஓசை கண்டுபிடிக்க அவர்களுக்கு அவகாசம் இருந்திருக்கிறது. (நமக்குப் பூதம் ஐந்து. கிரேக்கர் கணக்கில் நான்கோடு முடித்துவிட்டதால் ஆகாயம் தப்பித்தது.) 'தீ'யில் கிதார் தடிமனாக, மூச்சு விடாமல், கத்தலோடு வருகிறது. 'நீர்' வந்ததும் கிதார் பின்வாங்கிவிடுகிறது, எலக்ட்ரானிக் ஓசைகள், எதிரொலி, குரலே தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, நடுவில் 'நைட் டைவிங்' என்று பாட்டு வரியே இல்லாத ஒன்று. 'மண்' பெரும்பாலும் அகௌஸ்டிக், மர வாசனை அடிக்கிற அறையில் உட்கார்ந்து வாசித்தது போல. 'காற்று'தான் கொஞ்சம் நழுவுகிறது. காற்றின் ஓசை இதுதான் என்று அவர்களுக்கே முடிவாகவில்லை என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் நான்கிலும் சேர்த்து எனக்கு மிகவும் பிடித்த 'டெடலஸ்' அதில்தான் இருக்கிறது. சிறகு செய்து கொடுத்த அப்பனின் வாயால் இக்காரஸ் விழுவதைச் சொல்கிற பாட்டு. மெதுவாகத்தான் தொடங்கும், மகன் மேலே போகப் போக இசையும் கனத்துக்கொண்டே போகும், எங்கே உடையப்போகிறது என்று நமக்குத் தெரியும், அப்பனுக்கும் தெரியும், யாராலும் நிறுத்த முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான்கு பகுதிகளின் கடைசிப் பாட்டையும் மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்: 'தி ஃப்ளேம் டெல்யூஜ்', 'கிங்ஸ் அபான் தி மெய்ன்', 'சில்வர் விங்ஸ்', 'சைல்ட் ஆஃப் டஸ்ட்'. நான்கும் சானெட். 14 அடி, ஓர் அடிக்கு இத்தனை அசை, அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்று கணக்கு, கடைசி இரண்டு அடி ஒன்றோடொன்று இயைந்து முடிய வேண்டும். வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கறார் பழக்கமாகவே இருக்கும். நான்கிலும் பேசுவது அந்தந்தப் பூதம், கேட்பது மனிதன். அந்தக் கடைசி இரண்டு அடிகள் வரும்போது நான்கு பாட்டிலும் ஒரே மெட்டு, ஒரே கார்டு (ஸ்வரக் கூட்டு) வரிசை, ஸ்ருதி மட்டும் வேறு. முதல் தடவை கேட்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை, 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே' என்று மட்டும் தோன்றும், அப்படித் தோன்றினாலே போதும். ஆக, பாத்திரம் இல்லை என்று சொல்லாதீர்கள், நான்கு பேர் ஒரே ஆளைப் பார்த்துப் பேசுகிறார்கள், அந்த ஆள் கடைசி வரை வாயே திறப்பதில்லை.

'சைல்ட் ஆஃப் டஸ்ட்' முடிவில் ஓசை மெல்ல மங்கிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். கணினியில் செய்த வித்தை அல்ல அது. மைக்கை ஒரு பெட்டிக்குள் வைத்து மேலே மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மண், தன் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு தூங்க வைக்கிற பாட்டு அது, நம் காதையும் சேர்த்துப் புதைக்கிறது. வரி ஒன்றும் புரியாதவருக்கும் அந்த இடம் புரியும்.

கேள்வி: லா டிஸ்ப்யூட் குழுவின் 'கிங் பார்க்' பாட்டு உண்மைச் சம்பவம் என்று தெரிந்த பிறகு கேட்கவே சங்கடமாக இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுச் சாவை எடுத்துப் பாட்டாக்குவது சரியா?

பதில்: சங்கடம் வந்தது நல்லதே, அந்தப் பாட்டு அதற்காகவே எழுதப்பட்டது. 2011இல் வந்த 'வைல்ட்லைஃப்' ஆல்பத்தில் இருக்கிறது. மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் அவர்கள் சொந்த ஊர், அங்கே காரிலிருந்து சுட்டதில் ஒரு சிறுவன் செத்ததைப் பற்றியது. பாடகர் ஜோர்டன் டிரையர் அங்கே ஓர் ஆவி மாதிரி அலைகிறார், தெருவில், கூட்டத்தில், கடைசியில் சுட்டவன் ஒளிந்திருக்கிற ஓட்டல் அறையில். அவனை நல்லவனாகவும் காட்டவில்லை, ராட்சசனாகவும் காட்டவில்லை. அவன் கேட்கிற ஒரு கேள்வியைப் பதிலில்லாமல் அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இதைத் தனிப் பாட்டாக மட்டும் கேட்டால் நீங்கள் சொல்வது நியாயமாகப் படலாம். ஆல்பமாகக் கேட்டால் விஷயம் வேறு. ஓர் எழுத்தாளன் எழுதிவைத்து வெளியிடாத சிறுகதைகள், நடுநடுவே அவனே தன்னைப் பற்றி எழுதிய நான்கு குறிப்புகள், இதுதான் 'வைல்ட்லைஃப்' அமைப்பு. அதாவது அடுத்தவர் துக்கத்தை எடுத்து எழுதுகிற ஆளையும் சேர்த்தே நம் முன்னால் நிறுத்துகிறார்கள். அவன் மேல் உங்களுக்குக் கோபம் வந்தால் அதுவும் ஆல்பத்தின் கணக்கில்தான் சேரும். அப்புறம், டிரையர் பாதி பேசிப் பாதி கத்துகிறவர். வார்த்தை ஒன்றும் நழுவாது. முதல் கேள்வி கேட்டவர் இதிலிருந்து தொடங்கலாம்.

அடுத்தவர் கதை வேண்டாம், சொந்தக் கதையே போதும் என்றால் டூஷே அமோரேயின் 'ஸ்டேஜ் ஃபோர்' (2016) கேளுங்கள். பாடகர் ஜெரமி போமின் அம்மா புற்றுநோயில் இறந்தபோது அவர் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். ஆல்பம் முழுக்க அந்த ஒரு குற்ற உணர்ச்சிதான், கத்திக் கத்தித் தீர்க்கிறார். கடைசியில் கத்தல் எல்லாம் அடங்கி அம்மா விட்டுச்சென்ற வாய்ஸ்மெயில் வருகிறது, மருந்துக்கடை பற்றிய சாதாரணப் பேச்சு. எனக்கு அதைத் திரும்பக் கேட்கத் துணிவில்லை.

கேள்வி: மீவித்தவுட்யூவின் 'டென் ஸ்டோரிஸ்' ஆல்பத்தில் 11 பாட்டு இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. 1878இல் மொன்டானாவில் ஒரு சர்க்கஸ் ரயில் கவிழ்ந்து மிருகங்கள் தப்பிக்கிற கதையை எழுதுகிறவர்களிடம் கணக்குக் கேட்கக் கூடாது. புலிக்குக் கூண்டுக் கதவு திறந்தும் வெளியே வர மனமில்லை, எல்லாரையும் விடுவித்த யானை பிடிபட்டு நீதிமன்றத்தில் நிற்கிறது. அந்த விசாரணைப் பாட்டை மட்டுமாவது கேளுங்கள்.

கேள்வி: டிஃபீட்டர் குழு எல்லா ஆல்பத்திலும் ஒரே குடும்பத்தின் கதையைச் சொல்கிறதாமே, எந்த வரிசையில் கேட்பது?

பதில்: வந்த வரிசையில். 2008இன் 'டிராவல்ஸ்' இளையவன் கதை. 2011இல் அண்ணன் பக்கம், 2013இன் 'லெட்டர்ஸ் ஹோம்' அப்பா பக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நியூ ஜெர்சி, குடி, அடி, துப்பாக்கி. அப்பாவிடம் முதலிலேயே போய்விட்டால் முதல் ஆல்பத்தில் அவரை வெறுக்க முடியாது, வெறுக்காமல் போனால் அப்புறம் வரும் ஆல்பங்களுக்கு வேலையில்லை.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கான்செப்ட் ஆல்பம் செய்யப்போகிறோம். கதைச் சுருக்கம் மூன்று பக்கம் தயார், பாத்திரங்களுக்குப் படம் வரைந்தாயிற்று. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. ஆலோசனை தேவை.

பதில்: மூன்று பக்கத்தையும் ஒரு மாதம் உள்ளே வையுங்கள். முதலில் ஒரு மெட்டு பிடியுங்கள், சின்னதாக, நாலு ஸ்வரம் போதும், அது முதல் பாட்டில் சும்மா வந்து போகட்டும், நடுவில் வேறு ஸ்ருதியில் வேறு யாரோ வாசிக்கட்டும், கடைசியில் நொறுங்கி வரட்டும். கேட்கிறவருக்குக் கதை தெரியாமலே அந்த மெட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, யார் கத்துகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். உங்கள் பாத்திரங்கள் எல்லாரும் ஒரே தொண்டையில் கத்தினால் அவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தான். ஒருவர் மட்டும் கத்தலாம், மற்றவர் பேசலாம், இன்னொருவர் பாடலாம். கத்தாமலே இருந்த ஆள் எட்டாவது பாட்டில் கத்தினால் அது சம்பவம்.

கதையில் ஓட்டையை அடைப்பதற்கென்று மட்டும் பாட்டு எழுதாதீர்கள், அந்த மாதிரிப் பாட்டை மேடையில் நீங்களே வாசிக்க மாட்டீர்கள். காசு இல்லையே என்று கவலைப்படுகிறீர்களா? 'ஜென் ஆர்கேட்' முழுவதுக்கும் ஆன செலவு 3,200 டாலர், பெரும்பாலான பாட்டு முதல் டேக்கிலேயே முடிந்தது. மூன்று பேரும் கதையை விட வாசிப்பைத்தான் அதிகம் தயார் செய்து வைத்திருந்தார்கள்.

டெமோ ஆனதும் அனுப்புங்கள். கதைச் சுருக்கம் கூட வேண்டாம்.