அம்மாவுடன் பலெர்மோவுக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தஞ்சாவூர்க்காரன். ஆறு வருடமாக ஜெர்மனியில், மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அம்மா முதல்முறையாக என்னிடம் வந்திருக்கிறார். குளிர் தொடங்குவதற்குள் எங்காவது கடல் இருக்கிற ஊருக்குக் கூட்டிப்போ என்கிறார். அக்டோபரில் மூன்று நாள் சிசிலியின் பலெர்மோவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் மிலான் நண்பர், “அங்கே குப்பை, இடிந்த வீடு, மாஃபியா. அரை நாள் போதும், தவோர்மீனாவுக்குப் போய்விடு” என்கிறார். நான் இணையத்தில் தேடி 17 இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று நாளில் முடியுமா? எதை விடலாம்? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். பாதுகாப்பு பற்றியும் சொல்லுங்கள்.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

மூன்று நாளும் பலெர்மோவிலேயே இருங்கள். தவோர்மீனா அழகான ஊர், எங்கும் போய்விடாது. பட்டியலில் பத்து இடங்களை இப்போதே அடித்துவிடலாம். மிச்சமிருக்கும் ஏழில் இரண்டு தானாகவே விடுபடும். விடுபடட்டும்.

நண்பர் சொன்னதில் பொய் இல்லை. குப்பை இருக்கிறது. பழைய நகரத்தில் கூரை இல்லாத வீடுகளும், உள்ளே மரம் முளைத்த வீடுகளும் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவை ஏன் அப்படி நிற்கின்றன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் நகரமே வேறாகத் தெரியும். 1943இல் நேச நாட்டு விமானங்கள் துறைமுகத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டுகளில் பழைய நகரம் நொறுங்கியது. இடிபாடுகளை அள்ளிக் கொண்டுபோய்க் கடலோரத்தில் கொட்டினார்கள். இன்று ஃபோரோ இத்தாலிக்கோ என்ற பெயரில் பிள்ளைகள் பந்து விளையாடும் பெரிய புல்வெளி அதன்மேல்தான் இருக்கிறது. அங்கே நடக்கும்போது நீங்கள் மிதிப்பது யாரோ சிலரின் சமையலறையும் கூடமும். போருக்குப் பிறகு வந்த பணம் பழைய வீடுகளை எழுப்பப் போகவில்லை. அரசியல்வாதிகளும் மாஃபியா ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து, நகரைச் சுற்றியிருந்த எலுமிச்சைத் தோப்புகளை அழித்து கான்கிரீட் அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். அந்தக் காலத்துக்கு ‘பலெர்மோவின் சூறையாடல்’ என்றே பெயர். ஆக, நண்பர் சொன்ன இடிந்த வீடும் மாஃபியாவும் தனித்தனிச் சங்கதி இல்லை.

மாஃபியாவைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தின் பெயர் ஃபல்கோனே-போர்செல்லினோ. மாஃபியாவை எதிர்த்து வழக்கு நடத்தி, 1992இல் இரண்டு மாத இடைவெளியில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட இரண்டு நீதிபதிகள். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் நெடுஞ்சாலையில், கப்பாச்சி என்ற இடத்தில் இரு பக்கமும் சிவப்புத் தூண்கள் நிற்கும். ஃபல்கோனேயும் அவர் மனைவியும் காவலர்கள் மூவரும் இறந்த இடம் அது. மேலே குன்றில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம், அதில் பெரிய எழுத்தில் ‘நோ மாஃபியா’ என்று எழுதியிருக்கும். ஊர் திரும்பும் நாளில் அம்மாவுக்குக் காட்டுங்கள். கடைக்காரர்களிடம் மாஃபியா பிடுங்கும் மாமூலை மறுக்க 2004இல் சில இளைஞர்கள் தொடங்கிய ‘அத்தியோபீட்ஸோ’ இயக்கத்தின் ஒட்டியைப் பல கடைக் கதவுகளில் பார்ப்பீர்கள். முடிந்தவரை அங்கே சாப்பிடுங்கள், அங்கே வாங்குங்கள். மற்றபடி சுற்றுலா வருகிறவரை யாரும் ஒன்றும் செய்வதில்லை. சந்தைக் கூட்டத்தில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

சரி, விமான நிலையத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள். போகும்போது விமானத்தில் போய் இறங்காதீர்கள். நேப்பிள்ஸ் வரை விமானம், அங்கிருந்து ராத்திரிக் கப்பல். மாலை எட்டு மணிவாக்கில் கிளம்பி விடியற்காலையில் பலெர்மோவில் விடும். அறை எடுத்தால் அம்மா படுத்துத் தூங்கலாம். கரை நெருங்கும்போது எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப்போங்கள். வலப்பக்கம் கடலிலிருந்து நேராக எழும் பாறை மலைதான் மோந்தே பெல்லெக்ரீனோ. இடப்பக்கம் தூரத்தில் ஸஃபெரானோ முனை. முதுகுக்குப் பின்னால் கிழக்கு வெளுக்க வெளுக்க, எதிரில் நகரத்தின் கோபுரங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். ஃபினீசியரும் ரோமானியரும் இந்த ஊரை முதலில் பார்த்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். துறைமுக ஊருக்குப் பின்வாசல் வழியாக ஏன் போக வேண்டும்?

ஊரின் பெயரே துறைமுகம்தான். பனோர்மோஸ் என்றால் கிரேக்கத்தில் ‘முழுக்கத் துறைமுகம்’. அந்தக் காலத்தில் இரண்டு ஆறுகள் நகரத்தின் இரு பக்கமும் வந்து கடலில் சேர்ந்தன, கடல் நகருக்குள் நன்றாக நீண்டிருந்தது. அந்தக் கடல்வாய் தூர்ந்துபோனது. ஆறுகளை மூடிவிட்டார்கள். மிஞ்சியது லா காலா என்ற சின்னக் குடா, படகுகள் கட்டியிருக்கும். அரச மாளிகைப் பக்கமிருந்து இறங்கும் போர்த்தா தி காஸ்த்ரோ தெரு மட்டும் இருபுறத்தையும்விடத் தாழ்ந்து கிடக்கும். அடியில் பழைய கெமோனியா ஆறு. மழை வலுத்துப் பெய்தால் தண்ணீர் இன்றும் அந்த வழியைத்தான் தேடுகிறது.

அந்தத் தெருவுக்கு அடுத்ததுதான் பல்லாரோ சந்தை. முதல் நாள் காலையை அதற்குக் கொடுங்கள். அம்மாவின் சாப்பாட்டுக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். ‘பனெல்லே’ என்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, கிண்டி, ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கி எண்ணெயில் பொரித்தது. எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து, எலுமிச்சை பிழிந்து சுடச்சுடத் தருவார்கள். ‘கப்போனாத்தா’ கத்தரிக்காய்த் தொக்கு மாதிரி, வினிகரின் புளிப்பும் சர்க்கரையின் இனிப்பும் சேர்ந்தது. ‘ஸ்ஃபின்சோனே’ என்ற பருத்த ரொட்டி பார்க்க சைவமாக இருக்கும், ஆனால் நெத்திலி போட்டிருப்பார்கள். ‘அரஞ்சீனா’ என்ற சோற்று உருண்டையில் ‘வெண்ணெய்’ வகை என்று சொல்வதிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். அக்டோபரில் சப்பாத்திக்கள்ளிப் பழம் தள்ளுவண்டிகளில் வரும், தோலைச் சீவி முள் படாமல் கையில் கொடுப்பார்கள்.

சந்தையில் அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். கத்தரிக்காயை அவர் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். மொழி தெரியாமலே அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

இரண்டாம் நாள் ஸீஸா மாளிகை. உங்கள் பட்டியலில் அது கடைசியில் இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லாப் பட்டியலிலும் அப்படித்தான். அரச மாளிகைத் தேவாலயமான கப்பெல்லா பலத்தீனா முதலில் இருக்கும். இருக்கட்டும், அதையும் பாருங்கள். 1140இல் நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் எழுப்பியது. சுவரில் கிரேக்கக் கைகள் பதித்த பொன் மொசைக், மேலே முஸ்லிம் கைவினைஞர்கள் தேன்கூடு போலச் செதுக்கி வண்ணம் தீட்டிய மரக்கூரை. ஆனால் என்னைக் கலங்கவைத்தது ஸீஸா மாளிகைக்குள் இருக்கும் ஒரு சிறிய கல். கிரிசாந்த் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக வைத்த கல்லறைக் கல். அன்னா இறந்தது 1148இல். அந்தச் செய்தி நான்கு வகையில் பொறிக்கப்பட்டிருக்கிறது: லத்தீன், கிரேக்கம், அரபி, அப்புறம் எபிரேய எழுத்தில் எழுதிய அரபி. ஆண்டுக் கணக்கும் ஒவ்வொன்றிலும் அவரவர் முறைப்படி. கிறிஸ்தவருக்குக் கிறிஸ்து பிறப்பிலிருந்து, முஸ்லிமுக்கு ஹிஜ்ரியிலிருந்து, யூதருக்கும் கிரேக்கருக்கும் அவரவர் உலகத் தோற்றக் கணக்கிலிருந்து. என் அம்மா இறந்துவிட்டாள் என்று ஒரு மகன் ஊரில் இருக்கும் எல்லாரிடமும், ஒருவரும் விட்டுப்போகாமல் சொல்கிறான். அதன் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை.

அந்தக் கல்லை வைத்து ‘எல்லாரும் ஒன்றாக வாழ்ந்த பொற்காலம்’ என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பாதியைத்தான் சொல்கிறார்கள். ரோஜரின் பேரன் இரண்டாம் ஃபிரெடரிக், கலகம் செய்த சிசிலி முஸ்லிம்களைத் தீவிலிருந்தே பெயர்த்து, தெற்கு இத்தாலியில் லுச்சேராவில் கொண்டுபோய்க் குடியமர்த்தினான். 1492இல் ஸ்பானிய அரசாணை யூதர்களைச் சிசிலியிலிருந்து வெளியேற்றியது. பழைய யூதத் தெருக்களில் இன்று இத்தாலியம், எபிரேயம், அரபி என்று மூன்று மொழியில் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். வைத்தது நல்லதுதான். ஆனால் அந்த எபிரேய எழுத்துக்குக் கீழே நடந்து போகும்போது, வீட்டைப் பூட்டிவிட்டு துறைமுகத்துக்கு நடந்தவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். துறைமுகம் வந்தவரை மட்டும் பார்ப்பதில்லை, துரத்தப்பட்டவரையும் பார்த்திருக்கிறது.

அன்று மாலை பியாஸா மரீனாவுக்குப் போங்கள். அங்கே பூங்காவில் ஒரு மரம் நிற்கிறது. ஆஸ்திரேலிய அத்தி இனம், ஐரோப்பாவின் மிகப் பெரிய மரங்களில் ஒன்று. அம்மா பார்த்ததும் ஆலமரம் என்பார். விழுதுகள் அப்படியே இறங்கித் தூணாகி நிற்கும். அவரை நிழலில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் எதிரில் இருக்கும் ஸ்தேரி மாளிகைக்குப் போய்வாருங்கள். 1782 வரை சமய விசாரணை மன்றம் இயங்கிய இடம். சிறையறைச் சுவர்களில் கைதிகள் வரைந்த புனிதர்களும் வரைபடங்களும் எழுதிய கவிதைகளும் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்து கிடந்தன. 1906இல் நாட்டார் வழக்காற்று அறிஞர் ஜூசெப்பே பீத்ரே அவற்றைக் கண்டெடுத்தார். அங்கே ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் தாங்காது.

திரும்பும் வழியில் பால்கனிகளை அண்ணாந்து பாருங்கள். தொட்டிகளில் ஈழத்தலரி வைத்திருப்பார்கள். பலெர்மோக்காரர்களுக்கு அது சொந்த ஊர்ப் பூ, ‘பொமேலியா’ என்பார்கள். குளிர்காலத்தில் கிளை நுனி கருகிவிடாமல் இருக்க ஒவ்வொரு நுனியிலும் ஒரு முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் உண்டு.

மூன்றாம் நாள், முடிந்தால் அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், மோந்தே பெல்லெக்ரீனோ. மலைக் குகையில் சாந்தா ரொசாலியாவின் கோயில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வீட்டை விட்டு வந்து இங்கே தவமிருந்த பெண். 1624இல் துனிசிலிருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தபோது அவள் எலும்புகள் குகையில் கிடைத்தன என்றும், அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்ற பின் நோய் தணிந்தது என்றும் நம்புகிறார்கள். அன்றிலிருந்து அவள்தான் ஊர்க்காவல். ஜூலை 14 இரவு பெருவிழா, செப்டம்பர் 4 மலையேற்றம்.

1983க்குப் பிறகு யாழ்ப்பாணப் பக்கமிருந்து பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் நிறையப் பேர். வீட்டுவேலையும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நகரத்தில் அவர்களுக்குக் கோயிலும் உண்டு. ஆனாலும் ஞாயிறு காலைகளில் இந்த மலைக்கு வருகிறார்கள்.

நான் பழைய கல்பாவிய பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, “தம்பி இந்தியாவோ?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். “மகளுக்கு வருத்தம் வந்த நேரம் நேர்த்தி வச்சனான். சுகப்பட்டிட்டாள். அதுதான் ஒவ்வொரு வருசமும் ஏறி வாறன்” என்றார். இது மாதா கோயில்தானே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “ஊரிலை நல்லூர்க் கந்தனிட்டை. இங்கை வந்தாப் பிறகு இவவிட்டை.”

குகைக்குள் பாறைக் கூரையிலிருந்து எந்நேரமும் நீர் சொட்டும். அதை ஏந்தி ஓரமாகக் கொண்டுபோக மெல்லிய உலோகத் தகடுகளை வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள், பார்க்கக் கொடி படர்ந்த மாதிரி இருக்கும். அந்த நீருக்கு மகிமை உண்டு என்பது நம்பிக்கை. அந்த அம்மா விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, பிறகு திரும்பி என் நெற்றியிலும் வைத்தார்.

உங்கள் அம்மா நடக்க வேண்டாம். கோயில் வாசல் வரை நகரப் பேருந்து போகிறது, கடைசியில் கொஞ்சம் படிகள்தான். நீங்கள் நடந்து ஏறுங்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும். மழை பெய்திருந்தால் கல் உருளும், பாதையை அடைத்துவிடுவார்கள், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பேருந்தில் அம்மாவைத் தனியாக அனுப்பத் தயங்க வேண்டாம். ஞாயிறு காலை என்றால், அந்த வண்டியில் அவரோடு தமிழில் பேச யாராவது இருப்பார்கள்.

அன்புடன்.