வாசகர் கேள்வி பதில்: பழைய மாணவர்களும் கல்லூரிப் பாட்டும்

*நாங்கள் படித்த கல்லூரி இப்போது அந்தப் பெயரில் இல்லை. அடுத்த ஒன்றுகூடலில் கல்லூரிப் பாட்டை முழுதாகப் பாட ஆசை. முதல் சரணம் எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாவது ஆளுக்கொரு விதமாக வருகிறது. எதை நம்புவது?*
(வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

முதல் சரணம் மட்டும் பிழைத்திருப்பதில் வியப்பில்லை அம்மா. காலைக் கூட்டத்தில் அதோடு நிறுத்திவிடுவார்கள். முழுப் பாட்டும் பரிசளிப்பு விழாவுக்குத்தான்.

முதலில் அச்சில் தேடுங்கள். ஆண்டு மலரையும் வெள்ளி விழா மலரையும் எல்லோரும் புரட்டுவார்கள், விழாவின் நிகழ்ச்சி நிரலை மறந்துவிடுவார்கள். கூட்டம் பார்த்துப் பாடுவதற்காக அச்சடித்த தாள் அதுதான் என்பதால் பாட்டு முழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். கல்லூரிகள் இணைந்தபோது காகிதங்களும் இடம் மாறின. எம்.எல். சுல்தான் டெக்னிக்கான் (தொழில்நுட்பக் கல்லூரி) 2002இல் டெக்னிக்கான் நேட்டாலோடு சேர்ந்தது, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. எங்கே கேட்டாலும் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அச்சில் கிடைக்காவிட்டால் ஆட்களிடம் போக வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில் படித்த ஆறேழு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் காரியம் கெட்டுவிடும். முதலில் துணிந்து ஒருவர் போடுவதைப் படித்ததுமே மற்றவர்களுக்கும் அதுதான் நினைவு என்று தோன்றிவிடும். சொல்லச் சொல்லாமல் பாடச் சொல்லுங்கள். சிக்கும் இடத்துக்கு இரண்டு வரி முன்னால் தொடங்கினால் மெட்டே அடுத்த சொல்லை இழுத்து வரும். குரல் பதிவாக வாங்கி, கேட்டது கேட்டபடி எழுதி, வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு சொல் வந்தால் எதுகை, இயைபு எதற்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். அதிலும் தீராவிட்டால், சற்று அரிதான பழைய ஆங்கிலச் சொல்லே மூலமாக இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. புரியாத சொல்லைத்தான் பிள்ளைகள் தெரிந்த சொல்லாக மாற்றிப் பாடுவார்கள், எளிய சொல்லைக் கடினமாக்கிப் பாடுபவர் குறைவு.

மெட்டு கல்லூரியின் சொந்த மெட்டா என்றும் சோதியுங்கள். பல பள்ளி, கல்லூரிப் பாட்டுகள் இரவல் மெட்டில் எழுதப்பட்டவை. அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகப் பாட்டே 1857இல் வெளிவந்த ‘ஆனி லைல்’ என்ற பாட்டின் மெட்டில் 1870 வாக்கில் எழுதப்பட்டது. அதே மெட்டை எத்தனையோ கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. உங்கள் வரிகளை அசை பிரித்து எண்ணி, 8, 5, 8, 5 என்று வந்தால் இந்த மெட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெட்டோடு அச்சிட்ட ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் இந்த எண் வரிசைப்படி மெட்டு அட்டவணை பின்னால் இருக்கும்.

*அப்பாவின் பெட்டியில் கல்லூரிப் பாட்டு கிடைத்தது. ஐந்து கோட்டு இசைக்குறிப்பு இல்லை. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும்தான். சரிகம என்று நினைத்து வாசித்தால் அலங்கோலமாக இருக்கிறது.*
(வாசகர், டொங்காட்)

அது டானிக் சொல்ஃபா, ஸ்வரங்களை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் முறை. இந்நாட்டுப் பாடகர் குழுக்கள் இன்றும் அதைப் புழங்குகின்றன. அலங்கோலத்துக்குக் காரணம் மூன்று எழுத்துகள். அதில் ‘எம்’ என்றால் மி, அதாவது நம் க; ம அல்ல. ‘எஸ்’ என்றால் ஸோ, அதாவது நம் ப; ச அல்ல. தோவுக்கான எழுத்தை நாம் த என்று படித்துவிடுவோம், அதுதான் ச. வரிசையாக: தோ ச, ரே ரி, மி க, ஃபா ம, ஸோ ப, லா த, தீ நி. ஸ்வரத்தானங்கள் சங்கராபரண ராகத்தினுடையவை.

செங்குத்துக் கோடு ஒரு தாளக் கட்டின் எல்லை. முக்காற்புள்ளி ஒவ்வொரு அடியையும் பிரிக்கிறது, ஒற்றைப் புள்ளி அடியைப் பாதியாக்குகிறது. சிறு கோடு வந்தால் முந்தைய ஸ்வரத்தை நீட்டவும். எழுத்தின் தலைப்பக்கம் சிறு கீற்று இருந்தால் மேல் ஸ்தாயி, காலடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி. தாளின் மேல் மூலையில் ‘தோ இன்ன சுருதி’ என்று இருக்கும். எஃப் என்றால் நம் 4 கட்டை சுருதி. நான்கு வரிசை எழுத்துகள் அடுக்காக இருந்தால் மெட்டு மேல் வரிசையில்.

*சுமார் 200 பேர், பெரும்பாலோர் 65 தாண்டியவர்கள். போன தடவை பல்லவி வந்ததும் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். மீதிப் பேர் இழுத்து இழுத்துப் பாடினார்கள்.*
(செயலாளர், பழைய மாணவர் சங்கம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இரண்டும் வேறு வேறு கோளாறு.

வாயை மூடியது சுருதியால். 16 வயதுக் குரலுக்கு எழுதிய 4 கட்டையிலேயே வாசித்திருப்பீர்கள். கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேல் ஷட்ஜம் தொடும் பாட்டு என்றால் 2 கட்டைக்கு இறக்குங்கள். ஆணும் பெண்ணும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் சிரமமின்றிச் சேரலாம். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் 3க்கு (மூன்று அரைச்சுரம் கீழே) வைத்தால் போதும், வாசிப்பவர் பழைய விரல் பழக்கத்திலேயே வாசிப்பார். ஆனால் தேசிய கீதம் முடிந்த பிறகு அதைச் செய்யுங்கள். கல்லூரிப் பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். நம் தேசிய கீதம் 5 கட்டையில் தொடங்கி 2 கட்டையில் முடிகிறது. கல்லூரிப் பாட்டை அதை ஒட்டியே வைத்தால் கூட்டத்தின் காது ஏற்கெனவே 2 கட்டையில் நிற்கும். நிகழ்ச்சியின் கடைசியில் வைத்தால், பாட்டின் இறுதி வரியை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். சுருதியும் நடையும் ஒன்றாகக் காதில் ஏறும்.

இழுவை மண்டபத்தால். 17 மீட்டர் நீள மண்டபத்தில் ஒலி பின்சுவருக்குப் போய்த் திரும்பப் பத்தில் ஒரு விநாடி ஆகும். பின்வரிசையின் குரல் மேடைக்குத் தாமதமாக வருகிறது, மேடை அதற்காகக் காத்திருக்கிறது, அதைக் கேட்டுப் பின்வரிசை இன்னும் தாமதிக்கிறது. வழிநடத்துபவர் காத்திருக்கவே கூடாது. நிமிடத்துக்கு 96 அடி என்று மெட்ரோனோமில் (தாளம் காட்டும் கருவி) பார்த்துப் பழகிக்கொண்டு, கையை எல்லோரும் காணும்படி உயர்த்தி அடிக்கட்டும். நன்றாகப் பாடுகிற எட்டுப் பேரை மேடையில் குவிக்காமல் வரிசைகளுக்கு நடுவே பரப்பி உட்கார வையுங்கள்.

பாட்டுத் தாளில் எழுத்தின் அளவு 16 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக் கூடாது. பல்லவியை ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் முழுதாக அச்சிடுங்கள். ‘பல்லவி’ என்று மட்டும் போட்டால் கண்ணாடி தேடுபவர் அங்கேயே நின்றுவிடுவார். மின்வெட்டு வந்தால் திரையும் கீபோர்டும் போய்விடும், தாள் இருக்கும். பிள்ளைகள் பாடிய ஒலிப்பதிவைப் போட்டுக் கூடவே பாடச் சொல்வது எங்களுக்கு உடன்பாடில்லை. பழைய மாணவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

*ஆங்கிலப் பாட்டோடு ஒரு தமிழ்ச் சரணம் சேர்க்கலாமா?*
(வாசகி, வெருலம்)

உங்களோடு படித்தவர்களில் தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது பேசும் வீட்டார் எத்தனை பேர் என்று முதலில் யோசியுங்கள். பொது ஒன்றுகூடலில் மூலத்தை முழுதாகப் பாடி முடித்த பிறகு, விருப்பமானால் ஒரு சரணம். மூலத்துக்குப் பதிலாக வேண்டாம்.

எழுதும்போது மெட்டில் நீளும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நெடில் வர வேண்டும், அல்லது ஒற்றடுத்த குறிலாவது வர வேண்டும். ‘கலை வளர்த்த கூடம்’ என்று எழுதி, முதல் எழுத்தில் மெட்டு நீண்டால் ‘காலை’ என்றுதான் கேட்கும். மலை மாலையாகும், படம் பாடமாகும். ‘ஞானம் வளர்த்த கூடம்’, ‘கல்வி தந்த கூடம்’ இரண்டும் தாங்கும்.

பாடுபவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ரோமன் எழுத்திலும் அச்சிடுங்கள், நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து. இல்லாவிட்டால் மலையும் மாலையும் தாளில் ஒரே மாதிரி இருக்கும்.

*பாட்டை மலரில் அச்சிட்டு, யூடியூபிலும் போட அனுமதி வேண்டுமா?*
(வாசகர், லெனேசியா)

தென்னாப்பிரிக்காவில் பாட்டுக்கான உரிமை எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 70. யூடியூப் அங்கெல்லாம் தெரியும் என்பதால் 70ஐக் கணக்கில் கொள்வது நல்லது. சொல்லுக்கு ஒருவர், மெட்டுக்கு ஒருவர், பின்னாளில் நான்கு குரலுக்கு அமைத்தவர் ஒருவர் என்று தனித்தனியாகப் பாருங்கள். ஆசிரியர் பணியின் பகுதியாக எழுதியிருந்தால் உரிமை அவரை வேலைக்கு வைத்தவருடையதாக இருக்கலாம். அதனால் நிறுவனத்துக்கும் குடும்பத்துக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் ஜூமில் சேர்ந்து பாட முடியுமா?*
(வாசகர், பீனிக்ஸ்)

ஒரே நேரத்தில் முடியாது. சேர்ந்து பாட, தாமதம் நூறில் மூன்று விநாடிக்குள் இருக்க வேண்டும். கடல் தாண்டிய இணைப்பில் அது நடக்காது. வெளிநாட்டில் இருப்பவர்கள் மைக்கை அணைத்துவிட்டு மண்டபத்தைக் கேட்டுப் பாடட்டும். அவர்கள் குரலும் வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே 2 கட்டையில் வழிகாட்டி ஒலிப்பதிவு அனுப்புங்கள். அதைக் கம்பி இயர்போனில் கேட்டபடி, கைபேசியைப் படுக்கை வாட்டில் நிறுத்திவைத்துப் பாடிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். புளூடூத் இயர்போன் கூடாது, அதுவே தாமதிக்கும். தொடக்க எண்ணிக்கையில் ‘நான்கு’ வரும்போது எல்லோரும் ஒரு கைதட்டு தட்ட வேண்டும். தொகுப்பவர் அந்தத் தட்டுகளை ஒரே கோட்டில் வைத்தால் குரல்கள் சேர்ந்துவிடும்.