வாட்ஸ்அப் குழுவில் இருந்து தூக்கினால் சங்கத்தில் இருந்தும் நீக்கமா?

கேள்வி: 2019-ல் கோவையில் ஏழு பேர் சேர்ந்து தெருநாய் மீட்புச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தோம். இப்போது காப்பகத்தில் அறுபது நாய்கள். நன்கொடை எல்லாம் தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் வருகிறது. கணக்குக் கேட்டோம். உடனே என்னையும் அந்த ஏழு பேரில் இன்னும் இருவரையும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டு, "நீங்கள் இனி சங்கத்தில் இல்லை, காப்பகத்துக்கும் வரவேண்டாம்" என்று செய்தி அனுப்பிவிட்டார். இதுவரை தேர்தலே நடந்ததில்லை. போலீசில் புகார் கொடுக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: போலீஸ் அப்புறம். முதலில் நீங்கள் உறுப்பினரா, தன்னார்வலரா என்று பார்க்க வேண்டும். நடுராத்திரியில் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், பல வருடம் சோறு பொங்கிப் போட்டவர் என்று வருபவர்களின் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கவே இருக்காது. பாவமாக இருக்கும், ஆனால் சட்டம் பதிவேட்டைத்தான் பார்க்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி சங்கம் பதிய ஏழு பேராவது வேண்டும். அந்த ஏழில் மூவர் நீங்கள்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணைவிதிகளுக்கும், நிர்வாகக் குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-க்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். துணைவிதி என்பது சங்கம் தனக்கென்று எழுதி வைத்த விதிகள். உறுப்பினரை நீக்கும் முறை அதில் இருக்கும். குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவித்து, விளக்கம் கேட்டு, அதிகாரமுள்ள கூட்டத்தில் தீர்மானம் போட்டால்தான் நீக்கம் நிற்கும். டி.பி. தாவர் எதிர் விக்டோரியா லாட்ஜ் வழக்கில் (ஃப்ரீமேசன் அமைப்பு ஒன்று தன் உறுப்பினரை நீக்கிய வழக்கு) உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதைச் சொல்லிவிட்டது: விதி பின்பற்றப்பட்டதா, இயற்கை நீதி, அதாவது நீக்கப்படுபவரின் பக்கத்தையும் கேட்கும் நியாயம், காக்கப்பட்டதா, நல்லெண்ணத்தோடு செய்தார்களா என்று நீதிமன்றம் பார்க்கும். தலைவரின் வாட்ஸ்அப் செய்தி இதில் எதையும் தாண்டாது.

அதைவிடப் பெரிய ஓட்டை தலைவர் பக்கம் இருக்கிறது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. 2019-ல் வந்தவர்கள் தேர்தலே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் பதவி உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பொதுக்குழுவைக் கூட்டித் தேர்தல் நடத்தக் கேட்கும் உரிமைதான் கிடைக்கிறது.

சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவில், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனுக் கொடுத்தால் பதிவாளர் சங்கத்தின் நிர்வாகத்தையும் நிதிநிலையையும் விசாரிக்கலாம். பதிவேட்டில் இன்னும் ஏழே பேர்தான் என்றால் மூன்று கையெழுத்து போதும்! "அவர்கள் உறுப்பினர்களே இல்லை" என்பார் தலைவர். அதனால்தான் நீக்கம் செல்லாது என்று இப்போதே எழுத்தில், பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்பச் சொல்கிறேன். சந்தா பாக்கி இருந்தால் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இன்றே கட்டிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் துழாவுவது அதைத்தான். யார் உண்மையான நிர்வாகி என்று பதிவாளர் முடிவாகத் தீர்த்துவைக்க முடியாது. நீக்கம் செல்லாது என்ற அறிவிப்புக்கும் தடையுத்தரவுக்கும் உரிமையியல் நீதிமன்றம்தான்.

பணத்துக்கு வருவோம். சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்கியது முறையற்றது. ஆனால் அது மட்டுமே குற்றமாகிவிடாது. அந்தப் பணத்தைச் சொந்தச் செலவுக்குத் திருப்பியதாகக் காட்ட முடிந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு, நம்பிக்கை மோசடி, வரும். கேட்ட கணக்கு, கொடுக்காத பதில், நன்கொடையாளர்களின் பரிவர்த்தனைச் சான்று எல்லாம் கையில் சேர்ந்த பிறகு காவல் நிலையம் போங்கள். அதுவரை முகநூலில் "திருடன்" என்று எழுதாதீர்கள். அதே சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

இன்னொன்று, ராத்திரியில் பூட்டை உடைத்து நாய்களை மீட்கும் யோசனை யாருக்காவது இருந்தால் கைவிடச் சொல்லுங்கள். நல்ல வழக்கைக் கெடுக்க அது ஒன்றே போதும்.

நாய்களுக்குச் சாப்பாடு, மருந்து நிற்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-ல் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான். அதை நம்பி யாரும் திருந்தப் போவதில்லை. உரிமையியல் நீதிமன்ற வழக்கிலேயே இடைக்கால மனுப் போட்டு, உணவும் சிகிச்சையும் தொடர உத்தரவு கேளுங்கள். அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுத்துப் பார்க்கலாம். கணக்கும் தேர்தலும் இழுபறியாகவே இருந்தாலும், தீவனம், தடுப்பூசி, சாவி யாரிடம் என்கிற மூன்றுக்கு மட்டும் அங்கே எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள முடியும். அறுபது நாய்களின் படம், அடையாளம், தடுப்பூசிப் பதிவு உங்கள் போனில் இருந்தால் இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.