வேலையை விட்டாச்சு, டல்லஸையும் விட்டாச்சு: இன்ஷூரன்ஸுக்கு என்ன வழி?

கேள்வி: டல்லஸில் 11 வருஷம் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தேன். போன மாதம் வேலையை விட்டுவிட்டு மேற்கு டெக்ஸாஸில் ஒரு சின்ன கவுன்ட்டிக்குக் குடிவந்துவிட்டோம். பக்கத்துப் பெரிய ஊரான லப்பக் 80 மைல் தள்ளி. இனி வீட்டிலிருந்தே கான்ட்ராக்ட் வேலைதான். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் கிரீன் கார்டு உண்டு. வருஷ வருமானம் 1,20,000 டாலர் வரலாம், கொஞ்சம் கூடவும் வரலாம். பழைய கம்பெனியின் இன்ஷூரன்ஸையே முழுப் பணமும் நாமே கட்டித் தொடரும் கோப்ரா (COBRA) ஏற்பாட்டுக்கு அவர்கள் அனுப்பிய கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இணையத்தில் பாதி விலைக்கு ஒரு திட்டம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: அந்தப் பாதி விலைத் திட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், அதற்கு வருகிறேன். முதலில் காலண்டரைப் பாருங்கள். கம்பெனி இன்ஷூரன்ஸ் முடிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையான ஹெல்த்கேர்.கவ் (HealthCare.gov) தளத்தில் புதுத் திட்டம் எடுக்கலாம். தவறவிட்டால் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்போது எடுத்தாலும் ஜனவரியில்தான் ஆரம்பிக்கும்.

கோப்ராவை முடிவு செய்யவும் குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு. பின்னால் சேர்ந்தாலும் பழைய இன்ஷூரன்ஸ் முடிந்த நாளிலிருந்தே அது செல்லும்; ஆனால் அத்தனை மாதப் பணத்தையும் கட்டவேண்டும். அதனால் இந்த இடைவெளியில் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டால்கூட வழி இருக்கிறது. இந்த வருஷ டிடக்டிபிளை (இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்குமுன் நீங்கள் கட்டவேண்டிய தொகை) ஏற்கெனவே கட்டி முடித்திருந்தால் டிசம்பர் வரை கோப்ராவில் இருப்பதுகூட லாபமாகலாம், ஏனென்றால் புதுத் திட்டத்தில் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒன்று: கோப்ராவில் சேர்ந்துவிட்டு வருஷ நடுவில் நீங்களாக விட்டால், அதைக் காரணம் காட்டி சந்தைத் திட்டத்துக்கு மாற முடியாது.

இனி திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. டல்லஸில் இருப்பவர் பிரீமியத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் முதலில் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். திட்டங்கள் கவுன்ட்டி வாரியாகத்தான் விற்கப்படுகின்றன. லப்பக்கில் கிடைப்பது உங்கள் ஊரில் கிடைக்காமல் போகலாம். டெக்ஸாஸில் தனிநபருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஹெச்.எம்.ஓ (HMO) அல்லது ஈ.பி.ஓ (EPO) வகைத் திட்டங்கள். இவற்றில் அவசர சிகிச்சை தவிர, நெட்வொர்க்குக்கு, அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளுக்கு, வெளியே போனால் பொதுவாக மொத்தச் செலவும் உங்கள் தலையில்தான். அதோடு கிராமப்புறங்களில் இருப்பவற்றில் பல, அதிகபட்சம் 25 படுக்கை கொண்ட சிறு ஆஸ்பத்திரிகளாக இருக்கும். பெரிய நோய் என்றால் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே உள்ளூர் எமர்ஜென்சிக்குப் போன் போட்டு, "பெரிய கேஸை எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியும் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் கேட்காத கேள்வி இது.

தளத்தில் இருக்கும் டாக்டர் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். கிளினிக்கில் பில் போடுபவரிடம் திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "அந்த கம்பெனி இன்ஷூரன்ஸ் எடுப்போம்" என்ற பதில் போதாது. அதே கம்பெனியின் அலுவலகத் திட்டத்தை ஏற்பவர்கள் தனிநபர் திட்டத்தை ஏற்காமல் இருப்பது சர்வசாதாரணம்.

ஆம்புலன்ஸ் விஷயமும் உண்டு. 2022 முதல் அமலில் இருக்கும் மத்தியச் சட்டப்படி, நெட்வொர்க்கில் இல்லாத ஏர் ஆம்புலன்ஸ், இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மிச்சத் தொகைக்கு உங்கள் மேல் பில் போட முடியாது. ஆனால் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் ஹெலிகாப்டரில் போனால் பாதுகாப்பு, வேனில் போனால் இல்லை!

சரி, பணம். சந்தைத் திட்டங்களின் பிரீமியத்துக்கு அரசு தந்துவந்த கூடுதல் மானியம் 2025 முடிவோடு காலாவதியானது. நான்கு பேர் குடும்பத்துக்கு 2026 கணக்கில் மானியம் கிடைக்க வருமான எல்லை 1,28,600 டாலர். அதை ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் சுத்தமாக இல்லை. முன்கூட்டியே வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு முன்பு பலருக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரிக் கணக்கிலிருந்து அதுவும் போய்விட்டது. 1,20,000-க்கும் 1,30,000-க்கும் நடுவில் நிற்கும் உங்களுக்கு இதுதான் உண்மையான ஆபத்து.

ஆனால் சொந்தத் தொழில்காரருக்கு ஒரு வசதி உண்டு. இங்கே கணக்கில் வருவது கிளையன்ட் கொடுத்த தொகை அல்ல. தொழில் செலவு, சுயதொழில் வரியில் பாதி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஓய்வூதிய முதலீடு எல்லாம் கழித்த தொகை. சொந்தத் தொழில்காரருக்கான ஓய்வூதியக் கணக்கான செப் ஐ.ஆர்.ஏ-வில் (SEP IRA) வரி தாக்கல் செய்யும் நாள்வரை பணம் போடலாம். அதாவது வருஷம் முடிந்து, எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்த பிறகும் மார்ச்சில் உட்கார்ந்து கீழே இறங்கிவிடலாம். 2026 முதல் சந்தையில் உள்ள வெண்கல (Bronze) வகைத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் எச்.எஸ்.ஏ (HSA) என்ற மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு திறக்க முடியும். 2026-ல் குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போடலாம், அதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பாதி விலைத் திட்டம். அது குறுகிய காலத் திட்டமாகவோ, மதக் குழுக்கள் நடத்தும் செலவுப் பகிர்வாகவோ, ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொடுப்பதாகவோ இருக்கலாம். விற்பவரிடம் இரண்டே கேள்வி: ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்குப் பணம் தருவீர்களா? வருஷத்தில் நான் என் கையிலிருந்து கட்டவேண்டிய உச்சத் தொகை எவ்வளவு? நேர் பதில் வராவிட்டால் போனை வைத்துவிடுங்கள். உரிமம் பெற்ற உள்ளூர் ஏஜென்ட் பொதுவாக உங்களிடம் கட்டணம் வாங்கமாட்டார், அவருக்குக் கமிஷன் கம்பெனி தரும். லப்பக் டாக்டர்கள் எந்தத் திட்டத்தை எடுக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படியாக இருக்கும். இந்த வாரமே ஒருவரைப் பிடியுங்கள்.