பேஸ் விழும்போது ஆம்ப் நின்றுபோகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

காரில் சத்தம் கூட்டினால் பேஸ் விழும்போது மட்டும் ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) பவர் லைட்டே அணைந்து வருகிறது, புரொடெக்ட் லைட் (கோளாறு கண்டு ஆம்ப் தன்னையே நிறுத்திக்கொள்ளும்போது எரிவது) எரிவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் இப்போதைக்கு ஸ்பீக்கரை விடுங்கள், ஆம்புக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, பாட்டு சத்தமாக ஓடும்போதே மீட்டரின் சிவப்பு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். ஒவ்வொரு பேஸுக்கும் 0.5 வோல்ட்டுக்கு மேல் துள்ளினால் கோளாறு எர்த்தில்தான். எர்த் ஒயரைக் கார் பாடியில் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ரிங் டெர்மினலுக்கு (ஒயர் முனையிலுள்ள வளையம்) அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும். பளபளவென்று தகடு தெரியும்வரை சுரண்டி இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள், அது உயிரைக் காக்கிற போல்ட். எர்த் சரியென்றால் பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஹோல்டர்: பிளாஸ்டிக் இளகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டீரியோவிலிருந்து வந்து ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரிலும், பேஸ் விழும் நேரத்தில் 12 வோல்ட் நிற்கிறதா பாருங்கள்.