யூகலேலேவின் பிரிட்ஜ் ஒட்டிய பிறகு கம்பி உயர்ந்துவிட்டதா? சேடிலைத் தேய்க்கும் முன்

சிறிய கிட்டார் போன்ற உங்கள் யூகலேலேவின் பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) கழன்று திரும்ப ஒட்டிய பிறகு, 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் ஒன்று) கம்பி 3.5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, சேடிலை (பிரிட்ஜின் பள்ளத்தில் நின்று கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டை) எவ்வளவு தேய்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யூகலேலேவுக்கு அங்கே 2.5 மி.மீ. சுற்றி இருந்தால் வசதி. அதாவது 1 மி.மீ. இறங்க வேண்டும். 12ஆவது ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருப்பதால், சேடிலில் 2 மி.மீ. குறைத்தால்தான் அங்கே 1 மி.மீ. குறையும்.

அது சின்ன அளவு இல்லை. அதனால் உப்புத்தாளை எடுக்கும் முன் சேடிலைக் கழற்றி, அதன் பள்ளத்தைப் பாருங்கள். காய்ந்த பசை அடியில் தங்கி சேடிலைத் தூக்கி வைத்திருக்கலாம். பழுதுக்குப் பின் திடீரென்று உயரம் கூடினால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை புடைத்திருக்கிறதா, பிரிட்ஜின் ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒட்டு விடுகிறது என்றால் கம்பிகளைத் தளர்த்திவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் வழி.

எல்லாம் சரி என்றால், சேடிலின் அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் நேராகத் தேயுங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள், அதன் வளைவு போய்விடும். கோட்டுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, கம்பி மாட்டிப் பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது!

அப்புறம், முதல் ஃப்ரெட்டில் மட்டும் அழுத்தக் கஷ்டமாக இருந்து சுருதியும் ஏறினால், கோளாறு நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டையில். சேடிலை எவ்வளவு தேய்த்தாலும் அது தீராது.